முன்னால் நிற்பவரே முதலாளி

எதிர்வீட்டு நாய் மணி ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டுதான் கடைக்குப் போகும். ஓட்டுகிற அண்ணன் கால் வைக்க இடமில்லாமல் இரு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். பார்ப்பவர்களுக்கு அவர் டிரைவர்.

மணிக்கு வண்டிமேல் அப்படி என்ன மோகம்? மூக்குதான். வாசனை அறியும் செல்கள் நமக்குச் சில பத்து லட்சம், நாய்க்கோ கோடிக்கணக்கில். பரோட்டாக் கடை, மீன்காரம்மா, போன வாரம் சண்டைக்கு வந்த கறுப்பன் எல்லாம் ஒரே ரவுண்டில் தெரிந்துவிடும். நமக்குக் கிடைப்பது சாக்கடை நாற்றம். கால்நடை ஆஸ்பத்திரிச் சந்து திரும்பினால் மட்டும் மணி குதிக்கப் பார்க்கும்.

நாய் வண்டியில் ஏறுவது புதுப் பழக்கமும் அல்ல. 1903இல் அமெரிக்காவை முதன்முதலில் காரில் குறுக்காகக் கடந்த ஹொரேஷியோ ஜாக்சன், வழியில் ஐடஹோவில் பட் என்ற நாயை வாங்கி ஏற்றிக்கொண்டார். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 63 நாள். சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்தது ஜாக்சனும் உடன் வந்த மெக்கானிக்கும். ஐயா பட் புழுதி படாமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கண்ணாடி இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.