சுவருக்குள் இருந்த கடல்

1976 கோடை விடுமுறையில், ஒன்பது வயதில், முதன்முதலாகத் தூத்துக்குடிக்குப் போனேன். கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான். அதுவும் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கடலைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் முந்தின இரவு தூங்கவே இல்லை. எட்டயபுரம், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை என்று ஒவ்வொரு ஊராகப் பேருந்து நிற்க நிற்க, அம்மாவிடம் “வந்திருச்சா, வந்திருச்சா” என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் மாமா சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலில் அலையே இல்லை. நிறைந்த கண்மாய் போல அசையாமல் கிடந்தது.

“அலை எங்க மாமா?”

“முன்னால தீவு காவல் இருக்குல்லா. அந்தானைக்கு வார அலையெல்லாம் அங்கனயே ஒடஞ்சிரும். நம்மூருக்குச் சாமி குடுத்த மதில்லே அது.”

வடகிழக்கே கையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வான் தீவு, காசுவார், காரைசல்லி, விலாங்குசல்லி என்று நான்கு பெயர்களைச் சொன்னார். நான்காவது பெயர் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அன்று அவர் சொன்னவை பல. கரையோரம் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்குமாம்; தோணிகள்தான் சரக்கை ஏற்றிப்போய் இறக்கிவரும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டது இந்தக் கடலில்தான். அதைச் சொல்லும்போது மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றுகொண்டு சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1974-ல், புதுத் துறைமுகம் திறந்தாகிவிட்டது; கருங்கல்லைக் கொட்டிக் கொட்டிக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இனிக் கப்பல் கரைக்கே வரும் என்பதில் அவருக்குப் பெருமை தாளவில்லை.

மாமா வீட்டில் அப்போது பின்கட்டில் ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கல் குவித்திருந்தார்கள். அப்படிக் கல்லை நான் கண்டதில்லை. ஒன்றில் பூப்பூவாகக் குழி. ஒன்றில் தேன்கூடு. இன்னொன்றில் மூளை மடிப்புப்போல வளைந்து வளைந்து வரி. கவிச்சி வாடை அடித்தது. ஒரு குழிக்குள் காய்ந்த நண்டுக்குஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் சுத்தியலால் தட்ட, கல் சுலபமாக உடைந்தது. சின்னக் கல் சுவருக்குப் போனது. பூசுகிற சுண்ணாம்பும் இதே கல்லைக் காளவாசலில் சுட்டு எடுத்ததுதான் என்றார்கள். வள்ளத்தில் போய்க் கடலுக்கடியில் கடப்பாரையால் நெம்பிக் கொண்டுவந்து கரையில் கொட்டுவார்கள். அங்கிருந்து வண்டியில் வீட்டுக்கு வந்துவிடும்.

“இவ்வளவு கல்லும் கடல்லயா இருக்கு?”

“இது என்ன பெரிசு? ஆயிரம் வீடு கட்டலாம். கடல் என்ன, கொறையவா போவுது?”

இதைச் சொன்னதும் மாமாதான். தீவு காவல் இருக்கிறது என்று துறைமுகத்தில் சொன்னதும் அவர்தான். அந்த மதிலும் இந்தச் சுவரும் ஒரே பவளக்கல் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் நல்ல மனிதர், கடலை நேசித்தவர். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

2024-ல் போனேன். மாமா காலமாகிவிட்டார். மச்சான் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவிருந்தான். “கடைசியா ஒரு தரம் பாத்துட்டுப் போ” என்று கூப்பிட்டிருந்தான். நான்குவழிச் சாலையில் கார் பறந்தது. எதிரே, துறைமுகத்தில் இறங்கிய காற்றாலை இறக்கை ஒன்று, ஒரு தெருவின் நீளத்துக்கு, லாரியில் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஊருக்கு இன்னும் முத்துநகர் என்றுதான் பெயர். அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல், நான் பிறப்பதற்கு முன்பே, முடிந்துவிட்டது. மக்ரூன் மட்டும் மாறவில்லை. முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்த அந்தக் கூம்பு நாக்கில் வைத்ததும் கரைந்து, ஒரு நொடி ஒன்பது வயதாக்கியது.

பின்கட்டை அன்றுதான் இடித்தார்கள். இயந்திரத்தின் கை சுவரைத் தொட்டதும் சுண்ணாம்புப் பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே பூப்பூவாகக் கல். நாற்பத்தெட்டு வருஷம் சுவருக்குள் இருந்தும் ஓர் இதழ் மழுங்கவில்லை. இப்படிக் குண்டு குண்டாகத் திரளும் பவளம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது என்று பிற்பாடு படித்திருக்கிறேன். ஓரடிக் கல் உருவாக முப்பது வருஷமாவது வேண்டும். அந்தச் சுவர் ஒன்றரை அடிக் கனம். மூன்று பக்கம். கணக்குப் போடக் கை வரவில்லை.

சாயங்காலம் ஊருக்கு வடக்கே கரையில் நின்றேன். வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த முதியவரிடம் விலாங்குசல்லி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“அது இல்லைய்யா. முங்கிப்போச்சு. சின்னப் பிள்ளையில அங்க எறங்கிச் சோறு பொங்கித் தின்னுருக்கோம். இப்ப அதுமேல வள்ளம் போவுது.”

நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த பெயர். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிவரை இருந்த 21 தீவுகளில் இப்படி இரண்டு முழுகிவிட்டன. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி இன்னொன்று. இந்தத் தீவுகள் வெறும் மணலும் பவளச் சிதறலும்தான். சுற்றியிருக்கும் பவளப் பார் அலையை உடைக்கும்வரைக்கும் மணல் நிற்கும். பாரைப் பெயர்த்தெடுத்தால் அலை நேராக வந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். 1986-ல் இந்தத் தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அப்புறமும் கல்லெடுப்பு நிற்கவில்லை. 2001-ல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாகச் சேர்த்தார்கள். கடப்பாரை நின்றபோது கடல் சூடாகத் தொடங்கியிருந்தது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்து, பல செத்தன.

வான் தீவும் போயிருக்கும். கரைந்து கரைந்து இரண்டு துண்டாகும் நிலைக்கு வந்திருந்தது. 2015 முதல் அதன் கடல்பக்கத்தில் துளைகள் விட்ட கான்கிரீட் கட்டிகளை வரிசை வரிசையாக இறக்கினார்கள். அலை அதில் மோதித் தளர்கிறது. மணல் மறுபடி சேர்கிறது. துளைகளில் மீன் குடிவந்திருக்கிறது. கட்டிகள்மேல் பவளம் ஒட்டத் தொடங்கியிருக்கிறது.

“சிமெண்டக் கொண்டுபோய்ப் போட்டாவ. மொதல்ல நாங்க சிரிச்சோம். இப்ப அங்கன மீன் கெடக்கு” என்றார் முதியவர்.

சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது. கடலிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வீட்டுக்குச் சுவர் வைத்தோம். இப்போது நிலத்துச் சுண்ணாம்பைக் கட்டியாக வார்த்துக் கடலுக்குச் சுவர் வைக்கிறோம். கடன் வாங்கினோம் என்று தெரியாமலே வாங்கிய கடன். அசலில் ஒரு கையளவாவது திரும்பப் போகிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கட்டிகளை வார்த்தவர்களையும் படகில் ஏற்றி இறக்கியவர்களையும் மனதாரக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை இடிபாட்டை அள்ள லாரி வந்தது. பூக்கல் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தேன். கடலில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. போட்டால் என் மனம்தான் ஆறும். செத்த கல் வளராது. மச்சானின் பேத்தி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ஏழு வயது.

“இது யார் செதுக்குனது தாத்தா?”

பூச்சி என்று சொன்னேன். சின்னச் சின்னப் பூச்சி, கூட்டமாகச் சேர்ந்து, உன் தாத்தாவும் நானும் பிறப்பதற்கு முன்னாலிருந்து செதுக்கியது. அவள் ஒரு குழிக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தாள்.

“அப்ப அதுங்க வீட்டை எடுத்தா நம்ம வீட்டைக் கட்டுனாங்க?”

மாமாவிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. “ஆமா” என்றேன். லாரி கிளம்பும்வரை அவள் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை.