ஐ.பி.எல். போக நினைக்கும் தம்பிக்குச் சில புத்திமதிகள்

தம்பி, ஐ.பி.எல். வரைக்கும் போக வேண்டும் என்ற எண்ணம் உமக்கு இருந்தால் அதை வீட்டில் மட்டும் சொல்லாதேயும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் காதலிக்கிறான் என்றாலாவது ஒரு கிழமை கத்திவிட்டுச் சமாதானம் ஆகிவிடுவார்கள். துடுப்பாட்டத்தைத் தொழிலாக எடுக்கப் போகிறான் என்றால் அம்மா நல்லூரானுக்கு நேர்த்தி வைப்பார். அப்பா ரியூசன் மாஸ்டருக்குப் போன் எடுப்பார். கனடாவில் இருக்கும் பெரியப்பா வட்ஸ்அப்பில் வந்து, தன்னுடைய மகன் எஞ்சினியரான கதையை முதலில் இருந்து தொடங்குவார். ஆகவே, "ஏ.எல். கணிதம்தான் படிக்கிறன், பின்னேரத்தில கொஞ்சம் விளையாடுறன்" என்று சொல்லி வையும். பொய் இல்லையே, விளையாட்டு பின்னேரம்தான் நடக்கிறது. ரியூசனும் அதே பின்னேரம்தான் நடக்கிறது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நீர் பாடசாலையின் முதல் பதினொருவருக்குள் வந்துவிட வேண்டும்.

அந்தப் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் வேறொரு விளையாட்டைப் பற்றிக் கதைப்பார்கள். அமெரிக்கக் கால்பந்து. அதில் குவாட்டர்பேக் என்றொருவன் நடுவில் நின்று பந்தை எறிவான். அணியின் தலைவிதி அவன் கையில். அந்த வேலைக்கு அங்கே ஒழுங்கான பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். உயர்தரப் பள்ளி, பிறகு புலமைப்பரிசிலோடு பல்கலைக்கழகம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஏழு சுற்றுக்களில் பெயர் வாசித்து ஆள் எடுக்கும் திருவிழா. உமக்கு அப்படி ஒன்றும் இல்லை. உமக்கு இருப்பது ஏ9 வீதி. இருந்தாலும் அந்த வீதியால் போய் ஒருவர் சேர்ந்திருக்கிறார். விஜயகாந்த் வியாஸ்காந்த். 2001ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெடியன், யாழ். மத்திய கல்லூரி, லெக் ஸ்பின். இந்தக் கைநூலில் உருப்படியான யோசனை ஏதும் இருந்தால் அது அவருடைய கதையில் இருந்து எடுத்தது. மிச்சம் என்னுடையது.

பாடசாலையை முன்யோசனையோடு தெரிவு செய்யும். மத்திய கல்லூரியும் பரி. யோவானும் 1904இல் இருந்து மோதுகிற 'வடக்கின் பெரும் சமர்' ஒவ்வொரு மார்ச்சிலும் வரும். மூன்று நாள் ஆட்டம். சென். பற்றிக்ஸுக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் 'பொன் அணிகளின் சமர்' இருக்கிறது. யாழ். இந்துவுக்கும் கொக்குவில் இந்துவுக்கும் 'இந்துக்களின் சமர்' இருக்கிறது. கவனித்துப் பாரும், எல்லாம் சமர்தான். முப்பது வருட யுத்தம் பார்த்த ஊர் தன்னுடைய விளையாட்டுக்கும் சமர் என்றே பெயர் வைத்திருக்கிறது, அதைப் பற்றி ஒருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. அந்த மூன்று நாளும் உம்மைப் போல அதிர்ஷ்டசாலி இந்தக் குடாநாட்டில் இல்லை. லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். பாண்ட் வாத்தியம் காதைப் பிளக்கும். எண்பது வயது ஐயா ஒருவர் உம்முடைய தோளைப் பிடித்து, தன்னுடைய காலத்தில் இப்படிப் பந்து போட்டால் மாஸ்டர் அடித்திருப்பார் என்று சொல்லுவார். நாலாம் நாள் விடியப் பார்த்தால் மைதானத்தில் நாய் படுத்திருக்கும். அடுத்த மார்ச் வரை உம்மை ஒருவரும் தேட மாட்டார்கள். மூன்று நாளுக்கு வீரன், முன்னூற்றுச் சொச்சம் நாளுக்கு 'உவன் இன்னும் விளையாடித் திரியிறானோ?'.

எதைப் பழகுவது என்பதில் சிக்கனம் பாரும். துடுப்பாட்டக்காரன் ஆக வேண்டுமென்றால் மட்டை, பாட், கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவற்றின் விலையைக் கேட்டால் அப்பா உண்மையிலேயே ரியூசனைத்தான் மலிவு என்று நினைப்பார். வேகப்பந்து வீச நல்ல சாப்பாடும் நல்ல சப்பாத்தும் வேண்டும். லெக் ஸ்பின்னுக்கு ஒரு கடினப்பந்தும் ஒரு மணிக்கட்டும் போதும். பந்தும் தேய்ந்து, மணிக்கட்டும் தேய்ந்தால்தான் அது வரும். வலக்கைக்காரனின் காலடியில் விழுந்து வெளியே திரும்புகிற பந்தைப் பழக ஒரு வருடம், அதே கையசைவில் உள்ளே திரும்புகிற கூக்ளியைப் பழக இன்னொரு வருடம், இரண்டையும் எந்த இடத்தில் விழ வேண்டுமோ அங்கே விழவைக்க ஆயுள் முழுக்க. வடக்கில் நெடுங்காலம் மற்றிங் விரித்த ஆடுகளத்தில்தான் பழக்கம். கயிற்றுப் பாயில் பந்து எழும்பித் திரும்பும், நீர் உம்மைப் பெரிய மாயக்காரன் என்று நினைப்பீர். புல் ஆடுகளத்தில் போட்ட முதல் நாள் அந்த நினைப்பு எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழும்.

இருந்தும் லெக் ஸ்பின்னையே சொல்கிறேன், ஏனென்றால் சந்தை அங்கேதான். இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவர் வெளியே இரண்டு களத்தடுப்பாளர்தான் நிற்கலாம். அதற்குப் பிறகு வருகிற நடு ஓவர்களில் ஓட்டத்தையும் கட்டி, விக்கெட்டையும் எடுக்கிற மணிக்கட்டுச் சுழல் ஆளுக்கு உலகம் முழுக்கக் கேள்வி. ஆப்கானிஸ்தானின் ரஷீத் கானைப் பாரும். சொந்த நாட்டில் சர்வதேச ஆட்டம் நடத்த வழியில்லாத இடத்தில் இருந்து வந்து, உலகத்தில் இருக்கிற லீக் எல்லாவற்றிலும் சம்பளம் வாங்குகிறார். சொந்த ஊரில் மைதானம் இல்லாதவர்களுக்குப் பொருத்தமான தொழில் இது என்று தெரிகிறது.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும்: மென்பந்து. ஒவ்வொரு ஊரிலும் ஒரு விளையாட்டுக் கழகம், ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு சுற்றுப்போட்டி, ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் ஒரு நினைவுக் கிண்ணம். சுவிஸில் இருக்கிற மகன் காலமான தகப்பனின் பெயரில் கிண்ணம் தருவார், அவருடைய படம் போட்ட பதாகை கட்டுவார்கள், ஒலிபெருக்கியில் ஒருவர் பந்துக்குப் பந்து வர்ணிப்பார். நீர் ஓர் ஓவரில் நாலு சிக்ஸர் அடிப்பீர். பேஸ்புக்கில் உமக்கு 'வடக்கின் கெயில்' என்று பட்டம் கட்டுவார்கள். இந்தச் சுகத்தில் ஐந்து வருடம் போய்விடும். அதற்குள் உம்மோடு கடினப்பந்து பழகியவன் கொழும்பில் ஒரு கழகத்தில் சேர்ந்திருப்பான், உம்முடைய வீட்டில் இருபத்தேழு கிண்ணம் இருக்கும், ஒன்றையும் வங்கி அடகுக்கு எடுக்காது.

பதினெட்டு வயது ஆனதும் வெள்ளவத்தை பஸ் ஏறும். இரவு ஏறினால் விடியக் காலி வயிற்றோடும் நித்திரையில்லாத கண்ணோடும் இறங்கலாம், கிட்டத்தட்ட நானூறு கிலோமீற்றர். அங்கே சின்னம்மாவின் பிளாட்டில் வரவேற்பறைச் சோபா உமக்கு. முதல்தரக் கழகங்கள், தெரிவாளர்கள், புல் ஆடுகளங்கள், வலைப் பயிற்சி எல்லாம் தெற்கில்தான். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகமே கொழும்பில்தான் இருக்கிறது. இலங்கை தன்னுடைய முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1982இல் ஆடிய பி. சரா ஓவல் அந்தக் கழகத்தின் மைதானம். அப்படியொரு மைதானத்தைத் தமிழர் கட்டினார்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் கட்டவில்லை. கண்டிப் பக்கத்தில் இருந்து வந்த முரளிதரன் அந்தக் கழகத்துக்கு ஆடினார், அவருக்கு வழி கிட்ட. போக முதல் சிங்களம் படியும். களத்தில் தலைவர் "இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போடு" என்று சிங்களத்தில் சொல்லும்போது நீர் தலையாட்டிவிட்டு வேகமாகப் போட்டால் அதோடு முடிந்தது.

இனி முக்கியமான கட்டம். உம்முடைய ஊர்ப் பெயரில் ஓர் அணி வர வேண்டும். வரும், ஆனால் உம்முடைய ஊருக்கு வராது. லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கியபோது கொரோனாக் காலம், எல்லா ஆட்டமும் ஹம்பாந்தோட்டையில். வடக்கு முனையின் அணி தெற்கு முனையில் ஆடியது. ஜப்னா ஸ்ராலியன்ஸ் என்ற பெயர், திசர பெரேரா தலைவர். அந்த வருடம் டிசம்பர் 4ஆம் திகதி கொழும்பு கிங்ஸுக்கு எதிராக வியாஸ்காந்தை இறக்கினார்கள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். ஆட்டத்தில் தோல்வி, ஆனால் இங்கே அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அணி அந்த முதல் வருடமே கிண்ணம் எடுத்தது. பிறகு ஜப்னா கிங்ஸ் என்று பெயர் மாறி 2021, 2022, 2024 என்று மேலும் மூன்று முறை எடுத்தது. நாலு முறை சம்பியனான அந்த அணி, இந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் ஆடவில்லை. பெயரை மட்டும் வாடகைக்குக் கொடுத்த ஊர் இது. அதற்கும் நாங்கள் வெடி கொளுத்தினோம்.

அடுத்தது பொறுமை. வியாஸ்காந்த் வங்காளதேச லீக்கில் சட்டோகிராம் அணிக்கும், வளைகுடா லீக்கில் எம்.ஐ. எமிரேட்ஸுக்கும் ஆடினார். 2023 ஒக்ரோபரில், சீனாவின் ஹாங்சூவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைச் சட்டை கிடைத்தது. ஆப்கானிஸ்தானிடம் 8 ஓட்டங்களால் தோற்று வீட்டுக்கு வந்த ஆட்டம் அது. இவ்வளவு செய்தும் ஐ.பி.எல். கதவு திறக்க இன்னொன்று தேவைப்பட்டது: வேறொருவரின் குதிக்கால் நோக வேண்டியிருந்தது. 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஒன்றரைக் கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்து வைத்திருந்த வனிந்து ஹசரங்க குதிக்கால் காயத்தால் வர முடியாமல் போக, அவருடைய இடத்துக்கு அடிப்படை விலையான ஐம்பது இலட்சத்துக்கு வியாஸ்காந்தைக் கூப்பிட்டார்கள்.

இதைக் கேவலம் என்று நினைக்காதேயும். குவாட்டர்பேக்குகளில் ஏழு சுப்பர் போல் எடுத்த ரொம் பிரேடியை 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அடுத்த வருடம் அணியின் முதல் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ அடிபட்டு விழுந்ததால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு பிரேடி நாற்பத்தைந்து வயது வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆகவே உம்முடைய துறையில் உமக்கு மேலே இருப்பவர்களின் உடல்நலத்தை அக்கறையோடு விசாரித்து வாரும். நேர்த்தி வைக்கிற அம்மாவிடம் இதை மட்டும் சொல்லாதேயும், அவர் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து வைத்துவிடுவார்.

வியாஸ்காந்தின் முதல் ஐ.பி.எல். ஆட்டம் மே 8, 2024, ஹைதராபாத், எதிரணி லக்னோ. நாலு ஓவர், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் அது மரியாதையான கணக்கு. ஆனால் அதன் பிறகு அவருடைய அணியின் ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் இறங்கி 166 என்ற இலக்கை 9.4 ஓவரில் ஒரு விக்கெட்டும் போகாமல் முடித்துவிட்டார்கள். உலகம் முழுக்க அந்த அடியைப் பற்றிக் கதைத்தது. யாழ்ப்பாணத்தில் மட்டும்தான் அந்த 27ஐப் பற்றிக் கதைத்தார்கள், அதுவும் விடிய விடிய. ரியூசன் மாஸ்டர்கூட ரீவியைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

தங்கச்சிமார் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு முன்மாதிரி இன்னும் பெரியவர், உயரத்திலும் பெரியவர்: வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர். ஊரில் அந்த உயரத்துக்குக் கிடைத்தது கேலி. ஆசியச் சம்பியன்ஷிப்பில் கிடைத்தது 2009இலும் 2018இலும் 2022இலும் கிண்ணம். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு, போட்டியிலேயே அதிக கோல் போட்டவரானார். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் கழகமொன்றுக்கும் ஆடினார். ஓய்வு என்றார்கள், நாற்பது தாண்டியும் திரும்பி வந்தார். வளையத்துக்குக் கீழே அவருக்குப் பந்தை எறிந்துவிட்டால் போதும் என்று ஓர் அணியே ஆடியது. குவாட்டர்பேக் என்று ஒருவரை யாழ்ப்பாணத்தில் தேடச் சொன்னால் நான் காட்டுவது அவரைத்தான். இப்போது உயரமான பெண்பிள்ளையைக் கண்டால் "தர்ஜினி மாதிரி வருவாள்" என்கிறார்கள். கேலி செய்த வாய்களும் அவைதான்.

வென்று வந்தபிறகு செய்ய வேண்டியது சுலபம். பலாலியிலோ புகையிரத நிலையத்திலோ இறங்கும்போது கழுத்தைத் தயார் நிலையில் வைத்திரும். மாலை, பொன்னாடை, திறந்த வாகனம், பாடசாலை மண்டபத்தில் நாலு மணித்தியாலக் கௌரவிப்பு. அதில் மூன்றரை மணித்தியாலம் பேச்சாளர்களுக்கு. உம்மைக் கண்டே இராதவர்கள் உம்முடைய திறமையை முதலில் கண்டது தாங்கள்தான் என்பார்கள். சிரித்துக்கொண்டு இரும். பெரியப்பாவும் வட்ஸ்அப்பில் வருவார், 'எங்கட இரத்தம்' என்று.

இப்போது கொஞ்சம் பகிடியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பரி. யோவானில் இருந்து வந்த குகதாஸ் மாதுளன் 2025இல் சென்னை சுப்பர் கிங்ஸின் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போனார். ஆள் இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். நல்லது. கட்டி முடியட்டும். ஆனால் மைதானம் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்காது. பதினெட்டில் இருந்து இருபத்திரண்டு வரை, ஏ.எல். முடிந்து கழகம் ஒன்று சம்பளம் கொடுக்கத் தொடங்கும் வரைக்கும் இருக்கிற அந்த நாலு வருடத்தில்தான் எங்களுடைய பெடியன்கள் கைவிடுகிறார்கள். ஒருவன் வங்கியில் சேருகிறான், ஒருவன் விசாவுக்குப் போடுகிறான், ஒருவன் மென்பந்து அணிக்குத் தலைவனாகிறான்.

ஆகவே கடைசிப் புத்திமதி தம்பிக்கு இல்லை, அடுத்த மார்ச் சமருக்கு இப்போதே விமான ரிக்கெட் பார்க்கிற அண்ணைமாருக்கு. இந்த முறை கிண்ணம் தர வேண்டாம், வளைவு கட்ட வேண்டாம். உங்களுடைய பாடசாலையின் பயிற்றுநரிடம் ஒரு பெயரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கொழும்பில் தங்கிப் பயிற்சி எடுக்க மாதாமாதம் என்ன செலவு என்று கேளுங்கள். அந்தக் காசை அவனுடைய வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், பெயர்ப்பலகை போடாமல்.