லட்சத்து ஒன்று: ஒரு மொய் எண்ணின் வகுபடு இயல்பு குறித்து

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவர் “லட்சத்து ஒண்ணு” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி நோட்டில் ஏற்றும் 1,00,001 என்ற எண், கணித உலகில் உரிய மரியாதை பெறவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

கடைசி ஒன்று எதற்கு? பூச்சியத்தில் முடிந்தால் உறவும் முடிந்துபோகும் என்பது பெரியவர்கள் கட்சி. ஒற்றைப்படையாக இருந்தால் யாரும் சரிபாதியாகப் பிரிக்க முடியாது என்பது இன்னொரு கட்சி. பின்னதை மட்டுமே வகுத்துப் பார்த்துச் சோதிக்க முடியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

101 ரூபாய் மொய் அப்பழுக்கற்றது. பகா எண். ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்க 101 பேர் வந்து நின்றாலொழிய அதை மிச்சமின்றிப் பங்கு போட முடியாது. வம்பு 1,001-இல் தொடங்குகிறது. அது 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கல். ஏழு மைத்துனர்கள் ஆளுக்கு 143 ரூபாயோடு நடையைக் கட்டலாம். 10,001 என்பது 73 × 137. அத்தனை வாரிசுள்ள வீடு அரிது என்பதால் தப்பித்தது. லட்சத்து ஒன்றோ 11 × 9,091. பதினொரு பங்காளிகள் போதும், காரியம் கெட்டது. 9,091 பகா எண் என்பதால், அடுத்த ஆபத்து 9,091 பங்காளிகள் திரண்டால்தான்.

இரு ஒன்றுகளுக்கு நடுவே பூச்சியங்கள் இரட்டைப்படையாக இருந்தால் 11 வகுத்தே தீரும். கோடியே ஒன்றுக்கும் அதே கதி. பத்து லட்சத்து ஒன்று 11-இடமிருந்து தப்பி 101-இடம் மாட்டுகிறது. இந்த வரிசையில் 11, 101 தவிர வேறு பகா எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆகவே 101-ஓடு நிறுத்திக்கொள்வதே கணிதத்துக்குச் செய்யும் மரியாதை. (இம்முடிபுக்கும் ஆய்வாளரின் மாதக் கடைசிக்கும் தொடர்பில்லை.)

லட்சத்து ஒன்றுக்கு ஒரு நற்குணமும் உண்டு. ஐந்து இலக்க எண் எதைப் பெருக்கினாலும் அதையே இரு தரம் எழுதித் தரும்: 48,215-ஐக் கொடுத்தால் 482,15,48,215. ஆடியில் மொய்விருந்து வைக்கும் பேராவூரணிப் பக்கத்தார் இதில் வியக்க ஒன்றுமில்லை என்பார்கள். வைத்த மொய் கூடுதலாகத் திரும்புவதுதானே அங்கே முறை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. யுபிஐயில் தனியாள் இன்னொருவருக்கு அனுப்ப வழக்கமான உச்சவரம்பு ஒரு லட்சம். ஆகவே லட்சத்தை ஜிபேயில் தட்டிவிட்டு, மீதியை நாணயம் ஒட்டிய கவரில் வைத்து மேடையேற வேண்டியிருக்கிறது. இதை ஒரே வரியில் எழுதுவதா, இரண்டு வரியிலா என்பதில் மொய் எழுதுபவர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.