கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகரும்மா

எங்கள் வீட்டுக் காலண்டரில் முகூர்த்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. அது போக மிச்சம் இருக்கிற நாளைத்தான் என் மனைவி பேனாவால் வட்டம் போடுவாள். கும்பகோணத்தில் கல்யாண ஃபோட்டோகிராபராக இருப்பவனுக்கு வைகாசி, ஆவணி, தை எதுவும் சொந்தமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அந்த இரண்டு மாசமாவது ஆள் வீட்டில் இருப்பான் என்று நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். ஆடியில் காவிரியில் புதுத் தண்ணீர் வரும், மார்கழி விடியலில் வயல்மேல் பனி நிற்கும், அப்போது போய் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் மனுஷனா என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. பெண் பார்க்கப் போனபோது அதை நான் சொல்லவில்லை. மிச்ச நேரத்தில் வாட்டர்கலர் வரைவேன் என்பதையும் சொல்லவில்லை. ஜாதகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். நல்ல வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்து ஆவணியில் கல்யாணம் செய்துகொண்டேன். ஆகிப் பதினேழு வருஷம். அதில் பதினாலு கல்யாண நாளை வேறு யாருடைய கல்யாணத்திலோதான் கழித்திருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குத் தாம்பூலப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால், "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்பாள். பாயசம் இரண்டு வகை என்று ஒரு வருஷம் வெகுளியாகச் சொல்லித் தொலைத்தேன்.

கல்யாண வேலை என்பது ஆட்களை ஃபிரேமுக்குள் கொண்டுவருகிற வேலை. "மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. அத்தை, நீங்க அந்தப் பக்கம். சித்தப்பா, சிரிங்க சார், பொண்ணு வீடுதானே நீங்க?" கத்திக் கத்தி ஆவணி முடியும்போது தொண்டை நாயனத்துச் சீவாளி மாதிரி ஆகிவிடும். என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல். முப்பத்தாறு தடவை கத்தினால் போதும். நான் ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் எடுக்கிறேன். நாலாயிரம் எடுத்தும் தாலி கட்டுகிற அந்தப் பத்து விநாடிதான் கூலி. அந்த நேரம் பார்த்து ஹோமப் புகை கண்ணை மறைக்கும். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறந்து வந்து லென்ஸில் விழும். மூன்றாவது முடிச்சுப் போட வருகிற நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதையும் சமாளித்து எட்டிப் பார்த்தால், அமெரிக்காவிலிருந்து வந்த பெரியப்பா ஐபேடைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார்.

இத்தனை முகங்களைப் பார்த்தவனுக்கு மனிதர்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும் என்று தோன்றாதா? என் பயணப் படங்களில் கோட்டை இருக்கும், கடல் இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு நாய் இருக்கும். கல்யாணத்தில் ஆளை உள்ளே கூப்பிட்டுக் காசு வாங்குகிறேன், ஊர் ஊராகப் போய் ஆளை வெளியே அனுப்பி அந்தக் காசைச் செலவழிக்கிறேன். இதில் தர்க்கம் எதுவும் இல்லை என்று மனைவி சொல்வாள். அவள் கணக்கு டீச்சர்.

இப்படித்தான் ஒரு மார்கழியில் 'குடும்பச் சுற்றுலா' என்று பெயர் சூட்டி மனைவியையும் பையனையும் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுப்பிக் கிளப்பினேன். சுற்றுலாவுக்கு எந்த ஊரிலாவது மூன்றரைக்கு எழுப்புவார்களா என்று கேட்டாள். கடலிலிருந்து ஏறி வருகிற சூரியனின் முதல் வெளிச்சம் டேனிஷ்காரர்களின் கோட்டைச் சுவரில் விழுகிற நேரம் எனக்கு வேண்டும். விழுந்தது. சுவர் தேன் மாதிரி மினுங்கியது. நடுவில், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி என் மனைவி நின்றாள்.

"கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகரும்மா" என்றேன்.

பதினேழு வருஷத்தில் நான் பேசியதில் இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் வீட்டில் நிலைத்திருக்கிறது. கேஸ் தீர்ந்துபோனதைச் சொன்னால், "நான்தான் ஃபிரேமிலேயே இல்லையே, எனக்கென்ன தெரியும்" என்பாள். அன்று நகர்ந்தாள். வெளிச்சம் மாறட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, வாசலில் இருந்த பலகையைப் படித்துவிட்டு வந்து சொன்னாள்: "இந்தக் கோட்டை 1620லேர்ந்து இங்கயேதான் நிக்குதாம். இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் நிக்கும். ஓட்டல்ல இட்லி நிக்காது." பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோயிருக்கிறதே, கல் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று வாதாடிப் பார்த்தேன். இட்லி தீர்ந்துவிட்டது. பொங்கல் கிடைத்தது.

வாட்டர்கலர் மட்டும் வீட்டிலேயே செய்கிற வேலை, ஆகவே அதுதான் ரொம்ப ஆபத்து. விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவர் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "அவர் வீட்டம்மாவைக் கேட்டாத்தான் முழுக் கதை தெரியும்" என்று பதில் வந்தது. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைகிறேன். ஒரு வாஷ் அடித்தால் காகிதம் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அது காயாது, மனைவியின் ஹேர் ட்ரையரை எடுப்பேன். அவளும் அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். வெளிநாட்டுப் பருத்திக் காகிதம், 300 ஜிஎஸ்எம், ஒரு ஷீட் என்ன விலை என்று கேட்டால் பாதியைச் சொல்வேன். அதற்கே நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள்.

அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் தாராசுரத்துக் கல்லின் சாம்பல் நிறம் வரும். பர்ன்ட் சியன்னாவை மட்டும் டம்ளரில் அலசினால் அச்சாகச் சுக்குக் காபி நிறம் வரும். இதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே என் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். டம்ளர் காலியாக இருந்ததைப் பார்த்து நான் பதறி, டியூபின் பின்னால் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "கருப்பட்டி பத்தலைடா." டியூபில் விஷமில்லை என்றுதான் போட்டிருந்தது. அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் என் டம்ளருக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். மறுநாளே பிரஷ்ஷை என் காபியில் முக்கினேன் என்பது வேறு கதை.

போன மழைக்காலத்தில் அந்தத் தரங்கம்பாடிப் படத்தை வைத்து வரைந்தேன். கோட்டை, வானம், வெறும் மணல். வாட்டர்கலரில் வெள்ளை அடிப்பது என்பது இல்லை. காகிதத்தை விட்டுவைப்பதுதான் வெள்ளை. அதனால் சுவரில் வெளிச்சத்துக்கு இடம் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மணலுக்கு ஒரு வாஷ் இழுத்தேன். அது பாதி காய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, "கை கழுவிட்டியா? போய் அப்பாகிட்ட காட்டு" என்று உள்ளிருந்து உத்தரவு. பையன் வந்து சொட்டச் சொட்டக் கையைக் காட்டினான். சொட்டு விழுந்தது. பாதி காய்ந்த காகிதத்தில் தண்ணீர் விழுந்தால் நிறத்தை ஒதுக்கித் தள்ளி, ஓரமெல்லாம் பூப்பூவாக விரிந்துவிடும். அந்தத் தப்புக்கு ஓவியர்கள் வைத்திருக்கிற பெயரே காலிஃபிளவர்தான். துடைத்தால் இன்னும் பெரிதாகும்.

என் சத்தம் கேட்டு மனைவி வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இங்கதான நான் நின்னேன்?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. சரியாக அங்கேதான். காயட்டும் என்று காத்திருந்து, அந்தக் கறைக்குத் தலை வைத்து, ஒரு சால்வை போர்த்தி, தோளில் ஒரு பிள்ளையையும் தூக்கி வைத்தேன். என் பயணப் படங்களில் முதல் முதலாக ஓர் ஆள். இரண்டு நாள் கழித்து மவுன்ட் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் என்ன இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

ஆல்பமாக இருந்தால் மவுஸால் இரண்டு இழு இழுத்துச் சரிசெய்திருப்பேன். இது காய்ந்துவிட்டதே.