நனையா மரபு: பழைய முக்குளிக் கடிகாரங்கள் குறித்த ஓர் ஆய்வு

முக்குளிப்போருக்கென்று செய்த கைக்கடிகாரம் எப்போது பழம்பொருள் ஆகிறது? இருபத்தைந்து ஆண்டு கழிந்தால் என்பாரும் உளர். அது பொருந்தாது என்க. உடையவர் கை கழுவும் முன் அதைக் கழற்றி வைக்கும் நாளில்தான் அது பழம்பொருளாகிறது. இனி, இக்கருதுகோளை நிறுவுவோம்.

இவ்வினத்தின் முன்னோடி 1953-இல் பிளாங்பேன் வெளியிட்ட 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. ஃபாதம் என்பது நம் மீனவர் சொல்லும் பாகம்தான். ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர். பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்களான மலூபியேவும் ரிஃபோவும் கேட்டவை மூன்று: கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் முள், சுற்றித் திருப்பும் வளையம். குதிக்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், நீருக்குள் கழிந்த நேரம் தெரியும். பின்னாளில் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்படி ஆயிற்று. பாறையில் இடித்து நகர்ந்தாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் சற்று முன்னதாக மேலே வந்துவிடுவார். உயிர் காக்கும் இக்கருவியால் நான் இட்லி வேகும் நேரம் பார்க்கிறேன்.

இனி, விலைக் கொள்கை. 1960களில் ரேடியத்தின் இடத்துக்கு வந்த டிரிட்டியம், 12 ஆண்டுக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகும் பொருள். ஆகவே பழைய டயல்களில் இன்று வெளிச்சமில்லை. மஞ்சளேறிய புள்ளிகள்தான் மிச்சம். அம்மஞ்சளுக்கே விலை. கறுப்பு டயல் வெயிலில் பழுப்பானால் 'டிராபிகல்' எனப் பெயர் மாறி விலை ஏறும். வெளுத்த வளையத்துக்கு 'கோஸ்ட்' என்று பெயர். பேயை ஓட்டக் காசு கொடுப்பார் என்றுதான் கேள்வி. விலை கொடுத்து வாங்குவோரை இத்துறையில்தான் காணலாம். இதையறியாத ரிப்பேர்காரர் ஒருவர், "சார், பாலிஷ் போட்டா புதுசாட்டம் ஆயிடும்" என்றார். கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடமிருப்பது சீக்கோ 6309. ஆர்வலர் வழக்கில் 'ஆமை'. முதுகில் 150 மீட்டர் என்றிருக்கும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். என்னுடையதில் 7. இவ்வகை 1976 முதல் 1988 வரை வந்ததால் அது 1977-ஆ, 1987-ஆ? பிறந்த ஆண்டு தெரியாத குழந்தைக்கு ஜாதகம் எழுதும் வேலை இது. மூன்று ஞாயிறுகள் போயின.

நான்காவது ஞாயிறு, சாப்பிடும்போது ரசம் தெறித்தது. துள்ளியெழுந்து வேட்டி முனையால் ஒற்றினேன்.

"ஏங்க, 150 மீட்டர்னு போட்டிருக்கு. ஒரு சொட்டு ரசத்துக்கா இந்தக் கூப்பாடு?" என்றாள் மனைவி.

இது தடை. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நாற்பதாண்டில் இறுகிப்போயிருக்கும் என்பது விடை. "அப்போ ரப்பரை மாத்துங்க" என்பது மறுதடை. மாற்ற வேண்டுமானால் அந்தப் பாலிஷ்காரரிடம்தான் போக வேண்டும். ஆகவே ரசம் வைக்கும் நாள்களில் ஐந்நூறு ரூபாய் பிளாஸ்டிக் வாட்ச் கட்டிக்கொள்கிறேன்.