அசல் டூப்ளிகேட் லோலா

கர்ச்சீஃப் இல்லாமல் அந்தப் படத்துக்கு உட்காராதீர்கள். 1955-ல் மாக்ஸ் ஓஃபுல்ஸ் எடுத்த ‘லோலா மாண்டெஸ்’. சர்க்கஸ் கூடாரம். நடுவே பொம்மை மாதிரி அசையாமல் ஒரு பேரழகி. ரிங் மாஸ்டர் பீட்டர் உஸ்தினோவ் கூவுகிறார்: இதோ, ராஜாக்களைக் கவிழ்த்த மோகினி! எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கேள்விக்கு 25 சென்ட்! கடைசியில் அவளைக் கூண்டில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, கையில் முத்தமிட அனுமதிக்கிறார்கள். க்யூ நீள்கிறது. காமிரா மெல்லப் பின்வாங்குகிறது. நமக்குத் தொண்டையை அடைக்கிறது.

சரி, மூக்கைச் சிந்திவிட்டு வாருங்கள். நிஜ லோலா எந்த சர்க்கஸிலும் வேலை பார்த்ததில்லை. அவள் கதையில் சவுக்கு உண்டுதான். ஆனால் அது அம்மணியின் கையில் இருந்தது.

முதலில், லோலா மாண்டெஸ் என்று யாரும் பிறக்கவில்லை. 1821-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கம் பிறந்தவள் எலிசா ரோசன்னா கில்பர்ட். அப்பா ராணுவத்தில் சின்ன அதிகாரி. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறி, பாட்னாவுக்குப் பக்கத்தில் தானாப்பூர் வந்து சேர்ந்த கையோடு காலராவில் போய்ச் சேர்ந்தார். அம்மா இன்னொரு அதிகாரியை மணந்தார். பெண்ணை ஒழுக்கம் படிக்க ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். படித்தாளா என்பது போகப் போகத் தெரியும்.

பெண் வளர்ந்ததும் அம்மா ஒரு வரன் பார்த்தார். அறுபது தாண்டிய நீதிபதி என்று லோலா பின்னாளில் சொல்லியிருக்கிறாள். (லோலா சொன்னாள் என்றால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும், முப்பது வயது நீதிபதியாகக்கூட இருக்கலாம்.) இந்த நல்ல காரியத்துக்காக இந்தியாவிலிருந்து கிளம்பிய அம்மாவுக்குக் கப்பலில் பழக்கமானவர் லெப்டினன்ட் தாமஸ் ஜேம்ஸ். 1837-ல் பெண் ஓடிப்போனது அந்த லெப்டினன்டோடு.

இளஞ்ஜோடி இந்தியாவுக்கு வந்தது. சிம்லாவில் மிஸஸ் ஜேம்ஸைப் பார்க்க வெள்ளைக்கார சமூகமே கழுத்தை நீட்டியது. கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் தங்கை எமிலி ஈடன்கூடத் தன் கடிதங்களில் இவளைப் பற்றி எழுதினார்: அழகி, நல்ல பெண், ஆனால் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தால் வம்பில் மாட்டுவாள் என்ற ரீதியில். எமிலி அம்மாள் வரலாற்றிலேயே மிகச் சிக்கனமாக ஜோசியம் சொன்னவர்.

கல்யாணம் கசந்தது. தனியாக ஊர் திரும்பும் கப்பலில் இன்னொரு லெப்டினன்ட் கிடைத்தார். 1842-ல் கோர்ட் தம்பதியைப் பிரித்துவிட்டது. ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர் மறுமணம் செய்யக்கூடாது என்று ஒரு கொக்கியும் போட்டது. அந்தக் காலத்தில் இந்த நிலைமையில் இருக்கும் பெண்ணுக்குக் கதவுகளெல்லாம் மூடிவிடும். எலிசா ஸ்பெயினுக்குப் போனாள். சில மாதம், கொஞ்சம் டான்ஸ், கொஞ்சம் பாஷை. திரும்பி வந்தவள் செவில் நகரத்து உயர்குடிப் பெண், டோன்யா லோலா மாண்டெஸ்!

1843 ஜூனில் லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரில் அரங்கேற்றம். பார்க்க வந்த பெரிய மனிதர்களில் சிலருக்கு இந்த ஸ்பானிய முகத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். குட்டு உடைந்தது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவோம். லோலா பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினாள்: நான் செவிலில் பிறந்தவளேதான், அவதூறு செய்கிறவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பேன்! இன்றைய நட்சத்திரங்கள் ‘என் அக்கவுண்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்’ என்பார்களே, அதற்கெல்லாம் பாட்டி இவள்.

டான்ஸ் எப்படி? அவளுடைய ஃபேமஸ் அயிட்டம் சிலந்தி நடனம். பாவாடைக்குள் சிலந்தி புகுந்துவிட்டதாகப் பாவனை. உதறுவாள், தேடுவாள், இன்னும் மேலே தேடுவாள், கடைசியில் மிதித்துக் கொல்வாள். அவளுக்கு ஆடத் தெரியாது என்று எழுதிய விமர்சகர்களுக்குப் பஞ்சமில்லை. சிலந்தியைத் தேட உதவத் தயாராக இருந்த ரசிகர்களுக்கும் பஞ்சமில்லை.

பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டும் அந்த வரிசையில் உண்டு. படத்தில் இருவரும் பிரியும் காட்சி ஒரு கவிதை. ஆனால் ஊர்க்கதை வேறு: லோலாவை ஹோட்டல் அறையில் தூங்கவிட்டுக் கதவைப் பூட்டிய லிஸ்ட், அவள் விழித்ததும் உடைக்கப்போகும் சாமான்களுக்கு அட்வான்ஸாகவே பணம் கட்டிவிட்டு நழுவினாராம். நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. லோலாவைத் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்படவும் இல்லை.

1846 அக்டோபரில் அம்மணி மியூனிக்கில் இறங்கினாள். அங்கே பவேரிய மன்னர் முதலாம் லுட்விக். வயது 60. காது மந்தம். கவிதை எழுதுவார், மன்னர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. அழகிகளை ஓவியமாக வரையச் சொல்லி அரண்மனையில் வரிசையாக மாட்டி வைத்திருந்த கலா ரசிகர். 1810-ல் இவருடைய கல்யாணத்துக்காக நடந்த கொண்டாட்டம்தான் இன்றைய அக்டோபர்ஃபெஸ்ட். உலகமே இன்றும் பீர் குடித்துக் கொண்டாடும் அந்த மணநாளை மறந்துபோன ஒரே ஆள் மாப்பிள்ளைதான்.

முதல் சந்திப்பில், ‘இந்த உடற்கட்டு நிஜமா?’ என்று மன்னர் சந்தேகப்பட, லோலா ரவிக்கையைக் கிழித்துக் காட்டினாள் என்றொரு கதை. நடந்ததோ இல்லையோ, ஓஃபுல்ஸ் விடவில்லை. கிழிந்ததைத் தைக்க ஊசி நூல் கொண்டுவரச் சொல்கிறார் மன்னர். சேவகன் இன்னொரு சேவகனிடம், அவன் அடுத்தவனிடம் என்று உத்தரவு மாடிப்படிகளில் ஓட, மொத்த அரண்மனையும் ஓர் ஊசிக்காக அல்லாடுகிறது. ராஜாங்கம் நடக்கும் லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நிஜத்தில் நடந்தது இன்னும் பெரிய காமெடி. லுட்விக்குக்கு ஸ்பானிய மொழிமேல் தீராத மோகம்; ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தவர். எனவே காதல் கடிதங்கள் ஸ்பானிய மொழியில்! ஒரு ஜெர்மன் கிழவரும் ஓர் ஐரிஷ் பெண்ணும் ஆளுக்கொரு தினுசாக இலக்கணத்தைக் கொலை செய்தபடி வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அவள் பாதத்தைச் சலவைக்கல்லில் செதுக்கி வாங்கி வைத்துக்கொண்டார் மன்னர். கல்லுக்குப் பிழை திருத்தம் தேவைப்படவில்லை.

அவளுக்குக் குடியுரிமை கொடுக்காதீர்கள் என்றது மந்திரி சபை. மந்திரி சபை வீட்டுக்குப் போனது. 1847-ல் லோலா லாண்ட்ஸ்ஃபெல்ட் சீமாட்டி ஆனாள். வீட்டு வாசலில் கூட்டம் கூடிக் கூச்சல் போட்டால், ஜன்னலில் நின்று ஷாம்பெய்ன் கோப்பையைத் தூக்கி சியர்ஸ் சொன்னாள். 1848 பிப்ரவரியில் மாணவர் கலவரம் முற்றியது. கோபத்தில் மன்னர் பல்கலைக்கழகத்தையே இழுத்து மூடி, வெளியூர் மாணவர்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். வாடகையும் பீர் விற்பனையும் போய்விடும் என்றதும் மியூனிக் பெரியவர்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் ஞாபகம் வந்தது.

லோலா ஓடினாள். மார்ச் 20-ல் மன்னர் முடி துறந்தார். ஒரு நடனக்காரி ராஜ்யத்தைக் கவிழ்த்தாள் என்று அன்று முதல் இன்று வரை அவள் கணக்கில்தான் பழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த வருஷம் அது. பாரிஸில் லூயி பிலிப் லோலாவின் உதவி இல்லாமலேயே ஓட்டம் பிடித்தார்.

அப்புறம்? லண்டனில் ஹீல்ட் என்ற பணக்காரப் பையனை மணந்தாள். கோர்ட் போட்ட கொக்கி அங்கே மாட்டியது. இருமண வழக்கு, மறுபடி ஓட்டம். 1852-ல் நியூயார்க் பிராட்வேயில் ‘பவேரியாவில் லோலா மாண்டெஸ்’ என்றொரு நாடகம். ஹீரோயின் லோலாவேதான். அதில் அவள் மோகினி இல்லை. மன்னருக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கும் ராஜதந்திரி! ஓஃபுல்ஸுக்கு நூறு வருஷம் முன்னாலேயே தன் பயோபிக்கைத் தானே நடித்து வசூலும் பார்த்துவிட்டாள். கூண்டும் இல்லை, ரிங் மாஸ்டரும் இல்லை. படத்தைப் பார்த்திருந்தால் அழுதிருக்க மாட்டாள், ராயல்டி கேட்டிருப்பாள்.

சவுக்கு விஷயம் பாக்கி இருக்கிறதே! 1856, ஆஸ்திரேலியாவின் பல்லாரட், தங்கம் தோண்டும் ஊர். ‘பல்லாரட் டைம்ஸ்’ ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் அவளைத் தாக்கி எழுதினார். லோலா சவுக்கோடு ஹோட்டலுக்குப் போய் விளாசினாள். அவரிடமும் ஒரு சவுக்கு இருந்ததால், கடைசியில் இருவரும் முடியைப் பிடித்து இழுக்கும் நிலைக்குப் போய், கூட்டம்தான் பிரித்துவிட்டது. இந்த சீகாம்ப் சாதாரண ஆள் இல்லை. தங்கம் தோண்டுகிறவர்கள் நடத்திய யுரேகா கிளர்ச்சியை ஆதரித்து எழுதி ராஜதுரோகத்துக்காக ஜெயிலுக்குப் போனவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து எழுதியபோதுகூட யாரும் அவரை ஹோட்டலில் வைத்து அடிக்கவில்லை.

படத்துக்கு விழுந்த அடி தனி. மார்த்தீன் கரோல் நடித்த கவர்ச்சிப் படம் என்று நம்பி வந்த பாரிஸ் ரசிகர்கள், முன்னும் பின்னும் தாவும் கதையைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். தயாரிப்பாளர்கள் கத்திரியை எடுத்து, வெட்டி, வருஷ வரிசையில் ஒட்டினார்கள். ஓஃபுல்ஸ் 1957-ல் காலமானார். இனி திட்ட ஆளில்லை என்றதும் அது காவியம் ஆனது. 2008-ல் மெருகேற்றி மறுபடி காட்டினார்கள்.

லோலா கடைசிக் காலத்தில் சொற்பொழிவுகள் செய்தாள், 1858-ல் அழகுக் குறிப்புப் புத்தகம் போட்டாள், பக்தியிலும் இறங்கினாள். 1861 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. கல்லறையில் ‘மிஸஸ் எலிசா கில்பர்ட், வயது 42’ என்று வெட்டினார்கள். கணவர்களில் எவர் பெயரும் இல்லை. அப்பா பெயருக்கு முன்னால் ஒரு மிஸஸ். போகட்டும். வாழ்நாள் முழுக்க வயதைக் குறைத்தே சொல்லிவந்த பெண்ணுக்கு மூன்று வருஷத்தைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் மறுநாளே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் போயிருக்கும்.