பாட்டியைச் சிரிக்கவைக்க எந்த லென்ஸ் நல்லது?

நெகிரி செம்பிலானில் புதிதாகப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது கேமரா இல்லை. மூடி இறுக்கமாக உட்காரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும்தான். நம் ஊர்க் காற்றில் ஈரம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். அந்த ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பூக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திவிட்டுப் போனது மாதிரி இருக்கும். வசதி உள்ளவர்கள் ஈரத்தை 40, 50 விழுக்காட்டில் பிடித்துவைக்கும் மின்சாரப் பெட்டி வாங்குகிறார்கள். மற்றவர்கள் கேமராவைத் தோல்பையில் போட்டு, அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் பூட்டி, தீபாவளிக்குத் தீபாவளி வெளியே எடுக்கிறார்கள். பூஞ்சணத்துக்கு இதைவிடப் பெரிய விருந்தோம்பல் கிடையாது.

என் மாமா மகன் அரிசியை நம்பினான். லென்ஸை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தான். ஈரம் போனதோ இல்லையோ, வளையத்துக்குள் குருணை புகுந்துவிட்டது. இன்றும் அதைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும். அம்மி இல்லாத வீட்டில் அரைக்கிற பொருள் அது ஒன்றுதான்.

இனி கேமரா. கெனானா, நிக்கானா, சோனியா என்ற வாதத்தில் இறங்காதீர்கள். ரஜினி, கமல் ரசிகர்கள் ஓய்ந்த இடத்தில் இப்போது இவர்கள் குடியேறியிருக்கிறார்கள். நாலைந்து வருடம் பழைய மிரர்லெஸ் ஒன்றை இரண்டாம் கையில் வாங்குங்கள். மிச்சக் காசில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். வாங்கிய விலையை வீட்டில் சொல்லும்போது கடைசிச் சைபரை விழுங்கிவிடவும். அப்படியும் யாராவது கேட்பார்கள்: “இவ்ளோ வெள்ளி குடுத்து வாங்குனியே, இதுல போன் பேசலாமா?”

கனமாக இருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று மட்டும் பாட்டி முன்னால் புலம்பாதீர்கள். நான் ஒருமுறை புலம்பினேன். பாட்டி சேலையை விலக்கித் தோளைக் காட்டினார். காண்டாக் கம்பு உட்கார்ந்த இடத்தில் தோல் காய்த்து, விரல் அகலத்துக்கு ஒரு மேடு. இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, தீம்பாரிலிருந்து ஸ்டோர்வரை நடந்த தோள் அது. நான் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து வெளிச்சம். வெளிநாட்டுக்காரர் எழுதிய கையேடுகள், விடியலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று சொல்லும். இங்கே அந்தப் பொன்னுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். சூரியனிடம் யாரும் கேட்கவில்லை. அது பழைய நேரத்துக்கே வருகிறது. ஆகவே சிரம்பானில் ஏழு மணி ஆனாலும் மசமசவென்றுதான் இருக்கும். பால் மரத்துக்கோ வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். சூடு ஏற ஏறப் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். படம் பிடிப்பவரின் பொன்னான நேரம் தொடங்கும்போது, வெட்டுகிறவர் பாதி நிரையை முடித்திருப்பார். நீங்கள் லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு படிப்பது நல்லது. படிக்காதவர்கள்தான் பழைய படங்களையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனமும், மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் கிளெயின்குரோத்தேயும் மலாயாவைச் சுற்றிச்சுற்றிப் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டப் படங்களில் ரப்பர் மரம்தான் கதாநாயகன். பக்கத்தில் நிற்கும் தமிழன், மரம் எவ்வளவு பருமன் என்று காட்டுவதற்காக. இன்றைக்குப் பொருளுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி வைக்கிறோமே, அது மாதிரி. மரத்துக்கு லத்தீனில் பெயர் உண்டு: ஹெவியா பிரேசிலியென்சிஸ். தீப்பெட்டிக்கு யார் பெயர் எழுதுவார்கள்?

இப்போது நம் பிள்ளைகள் தாமானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறார்கள். இடிந்த லயம், துருப்பிடித்த கீல், கவிழ்ந்து கிடக்கும் மங்கு, எல்லாம் கருப்பு வெள்ளை. ‘நினைவுகள்’ என்று தலைப்பு. தீப்பெட்டியையும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம். நூறு மீட்டர் தள்ளிச் செம்பனைக் குலை தள்ளிக்கொண்டிருக்கும் பங்களாதேஷ்காரர் இவர்கள் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் ‘கொஞ்சம் நகருங்கள்’ என்று கை காட்டுகிறார்கள்.

ஆள் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தோட்டத்துக் கிழவிகள் கேமராவுக்குச் சிரிக்க மாட்டார்கள். நான் 35, 50, 85 மூன்று லென்ஸும் மாற்றிப் பார்த்துவிட்டேன். காரணம் கண்ணாடியில் இல்லை, 1948இல் இருக்கிறது. அந்த வருடம் ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமானது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் படம் ஒட்டி, பெருவிரல் ரேகை வைத்து அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்தில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுதான். பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பிரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் நாற்காலி போட்டு, வரிசையில் நிற்க வைத்து எடுத்தார்களாம். பாட்டிக்கு அப்போது பதின்மூன்று வயது. காது தெரிய வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர் நின்றார் என்பது பாட்டியின் கூடுதல் தகவல்.

அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் பாட்டி ஐ.சி.க்குத் தயாராகிவிடுவார். பேரன் கல்யாணப் படத்திலும் அதே முகம்தான். பிறகு கார்டுக்கு நிறம் வந்தது: குடியுரிமை உள்ளவருக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. லயத்தில் பிறந்த பாட்டியிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. சிவப்புதான். நீலத்துக்கு எழுதிப்போட்ட ஒவ்வொரு முறையும் புதிதாக நான்கு படம் கேட்டார்கள். எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படம் எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

கலர் பிலிம் வந்த பிறகு இன்னொரு வேடிக்கை. டவுன் கடையில் கழுவி வந்த படத்தில் பாட்டியின் மஞ்சள் சேலை ஜொலிக்கும், மூக்குத்தி ஜொலிக்கும், நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கடைக்காரரைத் திட்டினோம். பின்னால்தான் தெரிந்தது, அச்சு எந்திரங்களின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லோர் முகமும் சரியாக வந்த கணக்கு. டிஜிட்டலிலும் கவனம் தேவை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் பாட்டியை நிறுத்தினால் கேமரா சுவரைப் பார்த்துக் கண் கூசி, முகத்தை இருட்டாக்கும். வெளிச்ச அளவை முகத்தில் வைத்து எடுங்கள். சுவர் வெளுத்துப்போனால் போகட்டும். சுவருக்கு யாரும் சட்டம் போட்டு மாட்டப்போவதில்லை.

சரி, இரவுப் படம். எல்லோரும் இதற்காகத்தானே இவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்.

லாபு, நீலாய் பக்கம் வேண்டாம். 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்ததிலிருந்து அந்த வானத்தில் நட்சத்திரத்தைவிட இறங்கும் விளக்குகள்தான் அதிகம். பகாவ், ஜெலுபு பக்கம் போங்கள். தோட்ட மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். காவல்காரருக்கு நாய் உண்டு, நாய்க்குக் கலை தெரியாது. ஏர்கோன் காரிலிருந்து கேமராவை எடுத்த கையோடு இயக்காதீர்கள். கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்; கால் மணி நேரம் பையோடு வெளியில் வைத்துப் பழகவிடுங்கள். பூட்ஸ் போடுங்கள். செம்பனைக்குள் எலி, எலிக்குப் பின்னால் நாகம். எலியைப் பிடிக்கவென்றே தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். அதன் முகத்தில் பிளாஷ் அடிக்காதீர்கள், பாவம், அது வேலையில் இருக்கிறது.

நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாகச் சுழலும் படம் வேண்டுமா? நியூசிலாந்துக்கு டிக்கெட் போடுங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் மூன்று டிகிரியில் இருக்கிறோம். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிச் செம்பனை மட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிழக்கில் நட்சத்திரங்கள் தண்ணீர்க் குழாய் மாதிரி நேராக மேலே ஏறும். பால்வீதிக்கு ஜூன், ஜூலையில் தெற்கே விருச்சிகம், தனுசுப் பக்கம் திரும்புங்கள். அது நன்றாகத் தெரியும் பருவத்தில்தான் சுமத்ராவிலிருந்து புகைமூட்டமும் வரும். இரண்டில் எது முந்துகிறதோ அது உங்கள் அதிர்ஷ்டம். முக்காலி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200. ஐந்நூறை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி என்று வரும், 24க்கு இருபது. நம் தலைக்கு மேல் நட்சத்திரம் வேகமாக ஓடும், பதினைந்தோடு நிறுத்துங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாகும். அதனால் வெள்ளை விளக்கு வேண்டாம், தலையில் சிவப்பு விளக்கு கட்டிக்கொள்ளுங்கள்.

போன ஆடித் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். லயம் போய்விட்டது, கோயில் இருக்கிறது. பூசை முடிந்து விளக்கணைத்த பிறகு, கோயில் முன்னால் எல்லோரையும் நிறுத்தி வானத்தோடு சேர்த்து ஒரு படம் எடுக்க நினைத்தேன். பதினைந்து விநாடி யாரும் அசையக் கூடாது என்றேன். சித்தப்பா கொசு அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சான் போனைப் பார்த்தார். நாலு முறை எடுத்தும் எல்லோரும் ஆவி மாதிரிக் கலங்கிப்போனார்கள். நடுவில் பாட்டி மட்டும், காது தெரிய, நேராகப் பார்த்துக்கொண்டு, கல்லில் செதுக்கியது போலத் துல்லியமாக இருந்தார். இரவுப் படத்துக்கு அவரை மாதிரி ஆள் அமையாது.

மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்தி எடுத்தேன். பனி இறங்கத் தொடங்கியது. கேமராவின் திரையை அவரிடம் காட்டினேன். மேலே தேள் கொடுக்கு விரிந்த வானம். கீழே என் தலைவிளக்கு பட்டு, நெற்றி முதல் சேலைக் கரைவரை ஒரே சிவப்பில் பாட்டி. லென்ஸைத் துடைத்து, கேமராவை டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கினேன்.

பாட்டி அப்போதுதான் கேட்டார்:

“ஏன்டா, இதுவும் செவப்புத்தானா?”

கேட்டுவிட்டு, பொக்கை வாய் முழுக்கத் தெரியச் சிரித்தார்.